ஷானோன் அகமட்டும் மலாய்க் கமக்காரனும்: ஒரு வரலாற்று நோக்கு

மலாய் மொழியின் நவீன புனைகதை இலக்கியத்தை ஆராயப் புகுவோர் எவரும் ஷானோன் அகமட்டைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. 1933 ஜனவரி 13ஆந் திகதி கெடா மாநிலத்திலே பிறந்து, 2017 டிசெம்பர் 26ஆந் திகதி மறைந்த இவர், ஆசிரியராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இறுதியிற் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். 1982இல் மலேசிய அரசின் 'தேசிய இலக்கியவாணர்' விருதைப் பெற்றார். 1981இல் முதன்முதலாக அவ்விருதைப் பெற்ற கெரிஸ் மாஸை அடுத்து அதனைப் பெற்ற இரண்டாமவர் இவரே. தமிழ் வாசகரிடையே மலாய் இலக்கியம் பற்றிய அறிமுகம் மிகக் குறைவு. எனவே இவரது வாழ்வையும் ஆக்கங்களையும் ஓரளவு விரிவாக நோக்குதல் பயனுடையதாகும்.

எனினும், ஓர் எழுத்தாளனின் வாழ்க்கைக் குறிப்பைத் தொகுத்தளிப்பது எமது நோக்கமன்று. ஷானோனின் இலக்கிய வாழ்விலே விளக்கம் வேண்டி நிற்கும் முரண்பாடு ஒன்றுண்டு. 1966இல் ஏழைக் கமக்காரன் ஒருவனின் அழிவை எழுதியவர், 1978இல் அக்கமக்காரனின் மகள் தலைமையிலே கிராமத்தவர் திரண்டு தலைநகர் நோக்கி நடப்பதை எழுதினார். ஆனால் அடுத்த ஆறாண்டுகளுக்குள் இலக்கியத்தின் பணி இறைவழிபாடே என வாதிடுபவராக அவர் மாறிவிட்டார். விவசாயியின் வறுமையைத் தம் தலைமுறையினர் எவரிலும் நுணுக்கமாகக் கண்ட கண்கள், அவ்வறுமையின் வேரைத் தேடுகையில் ஏன் உற்பத்தி உறவுகளின் பக்கம் திரும்பவில்லை? இவ்வினாவுக்குரிய விடையைத் தனிமனிதரின் மனமாற்றத்திலே தேடுவது போதாது என்பதும், மலாய்ச் சமூகத்தின் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும் என்பதும் எமது கருத்தாகும்.

1. கெடாவும் சிக்கும்

தமிழ் வரலாற்றிலே கடாரம் என அறியப்படும் கெடா, மலாய்த் தீபகற்பத்தின் நெற்களஞ்சியமாகும். நீண்டகாலம் சீயத்தின் மேலாதிக்கத்திற்கு உட்பட்டிருந்த இச்சுல்தானகம், 1909ஆம் ஆண்டின் ஆங்கில - சீய உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியர் செல்வாக்கின்கீழ் வந்தது. குடியேற்ற ஆட்சி மலாயாவின் தொழிற் பிரிவினையை இனப் பிரிவினையாகவே அமைத்தது. ஈயச் சுரங்கங்களுக்குச் சீனரும், இறப்பர்த் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தமிழரும் கொண்டுவரப்பட்டனர். மலாயர் நெல் விளைவிப்போராகக் கிராமங்களிலே நிலைத்திருத்தலே ஆட்சியாளரின் விருப்பமாயிருந்தது. 1947இல் கெடாவின் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தங்களும் தொண்டர் படை இயக்கமும் பொலிசாரின் வன்முறையை எதிர்கொண்டன. அவ்வேளையில் அதே மாநிலத்தின் நெல்வயல்களிலே உழைத்த மலாய் விவசாயிக்கும் அத்தொழிலாளிக்குமிடையே மொழியாலோ அமைப்பாலோ பாலம் எதுவும் இருக்கவில்லை. ஒரே சுரண்டல் முறையின் இரு முகங்கள் ஒன்றையொன்று காணாதவாறு அமைந்தமை பின்வந்த வரலாறு முழுவதையும் பாதித்தது.

ஷானோன் பிறந்த பங்குல் டெர்டாப், கெடாவின் உட்பகுதியாகிய சிக் மாவட்டத்தில் உள்ளது. கடலோரச் சமவெளியின் பரந்த வயல்களைப் போலன்றி, குன்றுகளுக்கும் காட்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிறுவயல்களையும் சிற்றுடைமை இறப்பர்க் காணிகளையும் கொண்ட நிலம் அது. மழை பொய்த்தால் வறட்சி, மிகுந்தால் வெள்ளம்.

இம்மாவட்டம் தொடர்பாக மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. 1966க்கும் 1970க்கும் இடையில் உலக வங்கியின் கடனுதவியுடன் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. ஏறத்தாழ 96,000 ஹெக்டேயர் நிலத்திலே இருபோக நெற்செய்கையை இயலச் செய்த பெருந்திட்டம் இது. அதன் இரு பெரும் அணைகளுள் ஒன்றான மூடா அணை சிக் மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. அங்கு தேக்கப்படும் நீர் சுரங்க வழியாகப் பெடு நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து சமவெளி வயல்களுக்குச் செல்கிறது. நீரைத் தந்த குன்றுநிலம் திட்டத்தின் பயனெல்லைக்கு வெளியே நின்றது. அபிவிருத்தி என்பது யாருடைய வளத்தைக் கொண்டு யாருக்குச் செய்யப்படுகிறது என்ற வினா ஷானோனின் சொந்த மண்ணிலே இவ்வாறு எழுதப்பட்டிருந்தது.

2. ஆசிரியத் தலைமுறை

நவீன மலாய்ப் புனைகதை 1920களிலே தோன்றியது. சையிட் ஷேக் அல்-ஹாடியின் 'ஹிக்காயாட் ஃபரிடா ஹனோம்' 1925-26இலும், அகமட் ரஷீட் தாலுவின் 'இயாகா சல்மா?' 1928இலும் வெளிவந்தன. முன்னது எகிப்தியச் சூழலிலும் பின்னது மலாயாவின் சொந்தச் சூழலிலும் அமைந்தது. 1930களின் இறுதியிலே இஸ்ஹாக் ஹாஜி முகமட் தமது அங்கத நாவல்களால் குடியேற்ற ஆட்சியை எள்ளி நகையாடினார். பின்னாளில் மலாயாத் தொழிற்கட்சியின் தலைவராயிருந்த இவர், பிரித்தானியரின் சிறையையும் அனுபவித்தவர். ஆக, மலாய்ப் புனைகதையின் தொடக்க காலத்திலே இடதுசாரித் தேசியத்திற்கும் இலக்கியத்திற்கும் நெருங்கிய உறவு இருந்தது.

இவ்வுறவைத் துண்டித்தது 1948ஆம் ஆண்டின் அவசரகால நிலையாகும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்குதல் என்ற பெயரால் மலாய் இடதுசாரித் தேசியவாதிகளும் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்தம் அமைப்புகள் சிதைந்தன. இந்நிலையிற்றான் 1950 ஓகஸ்ட் 6ஆந் திகதி சிங்கப்பூரில் 'அசாஸ் 50' என்னும் எழுத்தாளர் அமைப்புத் தோன்றியது. கெரிஸ் மாஸ், உஸ்மான் அவாங் முதலியோரைக் கொண்ட இவ்வியக்கம் 'கலை சமூகத்திற்காக' என்ற கோஷத்தை முன்வைத்தது. அரசியலிலே பேச முடியாதவற்றை இலக்கியம் பேசிய காலம் அது. ஆயினும் 'சமூகம்' என்ற அச்சொல் வர்க்கத்தையும் குறிக்கலாம், இனத்தையும் குறிக்கலாம். அவசரகாலச் சூழலிலே முதலாவது பொருள் மங்கி இரண்டாவது மேலோங்கியது வியப்பன்று.

ஷானோன் இவ்வியக்கத்தை நிறுவியோருள் ஒருவரல்லர். அதன் அலை கிராமங்களை எட்டிய வேளையிலே எழுதத் தொடங்கியவர். கெடாவின் தலைநகராகிய அலோர் ஸ்டாரிலுள்ள சுல்தான் அப்துல் ஹமீட் கல்லூரியிலே ஆங்கிலவழிக் கல்வி பெற்று, 1950களின் நடுப்பகுதியிலே ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டார். இடையிற் சிறிது காலம் இராணுவத்திலும் பணியாற்றினார். பின்னர் அவுஸ்திரேலியா சென்று, கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலே 1971இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்திலே இணைந்து பேராசிரியராக உயர்ந்தார்.

இங்கு அவரது வர்க்க நிலையைக் குறித்துக்கொள்ளல் அவசியம். கிராமத்து மலாய்ச் சிறுவனுக்கு வயலிலிருந்து வெளியேறும் வழியாக ஆசிரியத் தொழில் இருந்தது. அதனூடாக மேலேறியவன் விவசாயியின் துயரை நெஞ்சிற் சுமந்தான். ஆனால் விவசாயியாக இருக்கவில்லை. அரசின் சம்பளத்தைப் பெற்றான். ஆனால் ஆட்சியாளனாக இருக்கவில்லை. இவ்விடைநிலைப் புத்திஜீவிகளே மலாய் இலக்கியத்தின் முதுகெலும்பு. அவர்களது அனுதாபத்தின் ஆழமும் அவர்களது தீர்வுகளின் தயக்கமும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை எனலாம்.

3. லாஹுமாவின் வயல்

1964இல் 'அஞ்சிங்-அஞ்சிங்' (நாய்கள்) என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்ட ஷானோன், 1965இல் 'ரெந்தோங்' (கருகியது) என்னும் நாவலை எழுதினார். கிராமத்திலே இருபோக நெற்செய்கையைப் புகுத்தும் முயற்சியும், அதனையொட்டி செமாவூன், டொகோல் என்போரிடையே முற்றும் பகையும் அதன் பொருளாகும். புதிய உற்பத்தி முறை ஒன்று கிராமத்தின் பழைய மனித உறவுகளை எவ்வாறு உலுக்குகிறது என்பதை அவர் அன்றே அவதானித்திருந்தார். எனினும் அவரது தலைசிறந்த படைப்பு அதற்கடுத்த ஆண்டிலே வெளிவந்த 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' என்பதில் ஐயமில்லை. 'வழிநெடுக முட்கண்ணிகள்' என இத்தலைப்பைத் தமிழிற் கூறலாம். 1972இல் அடிபா அமீனின் மொழிபெயர்ப்பாக இந்நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கதை மிக எளியது. லாஹுமாவும் அவன் மனைவி ஜேஹாவும் ஏழு பெண்பிள்ளைகளுடன் பங்குல் டெர்டாப்பில் வாழ்கின்றனர். பதினான்கு ரெலோங், அதாவது ஏறத்தாழ பத்து ஏக்கர் வயலே அவர்களது உலகம். செய்கைக்காலம் தொடங்குகையில் நிபுங் என்னும் முட்பனையின் முள் லாஹுமாவின் காலிலே தைக்கிறது. புண் சீழ்பிடித்து, உடல் வீங்கி, அவன் மடிகிறான். வயலைத் தனியே தாங்க முயலும் ஜேஹாவின் மனம் பேதலிக்கிறது. அவள் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறாள். திரும்பியபின் மீண்டும் நோய் முற்ற, வீட்டுக்குள்ளேயே கூண்டில் அடைக்கப்படுகிறாள். நண்டுகளும் வெள்ளமும் கதிர்களை மொய்க்கும் தியாக் குருவிகளும் அழித்தவை போக எஞ்சியதை, மூத்தவள் சானாவின் தலைமையிலே சிறுமியர் காக்க முனைகின்றனர்.

இந்நாவலின் வலிமை அதன் நடையிலே தங்கியுள்ளது. சிக் பிரதேசப் பேச்சுவழக்கின் சொற்களை ஷானோன் தயங்காது கையாண்டார். ஒரே தொடர் சிறுசிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வருகிறது. கமக்காரனின் வேலையும் அவ்வாறே மீண்டும் மீண்டும் வருவது. உழுதல், நாற்று நடுதல், களை பிடுங்கல், குருவி கலைத்தல், அரிவு வெட்டு என நாவலின் அத்தியாய ஓட்டம் நெல்லின் வளர்ச்சியோடு நடக்கிறது. பட்டணத்து வாசகனுக்காகக் கிராமத்தை அழகுபடுத்தும் போக்கு இங்கு இல்லை. சேறும் சீழும் அவற்றின் நாற்றத்துடனேயே வருகின்றன.

நாவலின் உலக நோக்கு எத்தகையது? வாழ்வும் சாவும் இறைவனின் கையில் உள்ளன என்ற நம்பிக்கை பாத்திரங்களின் மனத்திலே ஆழ வேரூன்றியுள்ளது. லாஹுமாவின் பகைவர் நண்டும் குருவியும் வெள்ளமும் முள்ளுமே. நிலப்பிரபுவோ வட்டிக்காரனோ நெல் வியாபாரியோ அவனது அழிவுக்குக் காரணராக முன்வருவதில்லை. இதனைக் கொண்டு இந்நாவல் வறுமையை இயற்கையின் சாபமாகக் காட்டும் விதிவாத நாவல் எனச் சிலர் கொள்ளலாம். இத்தகைய விமரிசனத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று.

ஏனெனில் நாவல் தரும் கணக்கு நாவலின் தத்துவத்தைக் காட்டிலும் கூர்மையானது. பதினான்கு ரெலோங் நிலம், ஏழு பிள்ளைகள். பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு ரெலோங். அது ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பப் போதாது. லாஹுமா குத்தகைக்காரனல்லன், தன் நிலத்துக்குத் தானே உடைமையாளன். ஆயினும் அவ்வுடைமையே அவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் கூலியற்ற உழைப்பாளராகப் பிணித்து வைத்துள்ளது. சிற்றுடைமை விவசாயி தன்னைத் தானே சுரண்டி உயிர் வாழும் நிலையை இதனிலும் தெளிவாகக் காட்டிய மலாய் நாவல் அரிது. ஒரேவகை வாழ்வை வாழ்ந்தும் ஒருவரோடொருவர் பிணைப்பின்றித் தனித்துக் கிடக்கும் பிரெஞ்சுச் சிற்றுடைமை விவசாயிகள் பற்றி 1852இல் மார்க்ஸ் செய்த அவதானம், பங்குல் டெர்டாப்புக்கும் பொருந்துகிறது. லாஹுமா செத்தபின் அயலவர் உதவிக்கு வருகின்றனர். ஆனால் அவ்வுதவி கிராமத்தின் பழைய கூட்டுப்பண்பின் எச்சமேயன்றி, புதிய கூட்டுணர்வின் தொடக்கமன்று.

இன்னொன்றும் நோக்கற்பாலது. சுதந்திர மலாயாவின் அரசு இந்நாவலிலே எவ்வுருவில் லாஹுமாவின் வீட்டை வந்தடைகிறது? நீர்ப்பாசனமாகவோ கடனுதவியாகவோ அன்று. ஜேஹாவை ஏற்றுச் சில காலம் வைத்திருந்து திருப்பியனுப்பும் மனநோய் மருத்துவமனையாகவே வருகிறது. 1957இல் சுதந்திரம் பெற்ற நாடு ஒன்பதாண்டுகளின் பின் தன் கமக்காரனுக்கு எதனைத் தந்தது என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சியம் வேண்டியதில்லை.

பல்ஸாக் பற்றி 1888இல் எங்கெல்ஸ் எழுதிய கடிதம் ஒன்றிலே, எழுத்தாளனின் அனுதாபங்களையும் மீறி யதார்த்தவாதம் வெற்றிபெறும் எனக் கூறியமை இலக்கிய மாணவர் நன்கறிந்தது. ஷானோனின் இந்நாவல் அக்கூற்றுக்கு ஆசியாவிலிருந்து கிடைக்கும் சிறந்த சான்றுகளுள் ஒன்று என்பது எமது துணிபு.

4. மந்திரிகளும் குன்றும்

இக்காலத்திலேயே ஷானோன் அரசியல் அங்கதத்திலும் ஈடுபட்டார். 1967இல் வெளிவந்த 'மெந்தெரி' (மந்திரி), அதிகாரத்தில் அமர்ந்த மலாய்த் தலைவர்களின் போலித்தனத்தைச் சாடியது. ஆனால் அந்நாவலின் அச்சம் இனம் சார்ந்தது; மலாயர் தம் சொந்த நாட்டிலே வலுவிழந்து ஒதுக்கப்படுவர் என்ற எச்சரிக்கையே அதன் மையம். 1969இல் வெளிவந்த 'பெர்டானா' சுதந்திரப் போராட்ட கால அரசியலைப் பொருளாகக் கொண்டது. அதே ஆண்டு மே 13ஆந் திகதி கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது.

கலவரத்தின் பின் 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வறுமை ஒழிப்பும், இனத்தையும் பொருளாதாரத் தொழிற்பாட்டையும் பிணைத்திருந்த கட்டை அவிழ்ப்பதும் அதன் இரு இலக்குகள். முதலாவது இலக்கில் முன்னேற்றம் ஏற்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டாவது இலக்கின் பெயரால் அரசின் அரவணைப்பிலே புதிய மலாய் முதலாளி வர்க்கம் ஒன்று உருவாயிற்று. லாஹுமாவின் பெயரால் எழுந்த கொள்கை லாஹுமாவிலும் பார்க்கப் பிறரையே அதிகம் வளப்படுத்தியது.

இச்சூழலில் 1973இல் ஷானோன் 'ஸ்ரெங்கெங்கே' நாவலை வெளியிட்டார். கிராமத்தவர் அஞ்சி வணங்கும் குன்றொன்றை வெட்டிச் செய்கைநிலமாக்கும் முயற்சி, பழைய நம்பிக்கைகளுடன் மோதுவதை இது சித்திரிக்கிறது. அபிவிருத்தி என்ற சொல் நாடெங்கும் ஒலித்த வேளையில், அச்சொல் கிராமத்தவனின் மனத்தினுள்ளே எத்தகைய புயலைக் கிளப்புகிறது என்பதை எழுதியமை இதன் சிறப்பாகும்.

5. சானாவின் நடை

1974ஆம் ஆண்டின் இறுதியிலே, சிக்கை அடுத்துள்ள பாலிங் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான சிற்றுடைமை இறப்பர் விவசாயிகள் வீதிக்கு வந்தனர். இறப்பர் விலை வீழ்ந்தும் உணவு விலை ஏறியும் அவர்களைப் பட்டினிக்குத் தள்ளியிருந்தன. டிசெம்பரில் கோலாலம்பூர் மாணவர் அவர்களுக்கு ஆதரவாகத் திரண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் கைதாகினர். கிராமிய வறுமையை வர்க்க நோக்கில் ஆராய்ந்த சமூகவியலாளரான சையிட் ஹுசின் அலி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டு, 1980இலேயே விடுதலையானார். மலாய் விவசாயி ஒரு மலாய் அரசை நோக்கிக் குரலெழுப்பிய இந்நிகழ்ச்சி, இன ஒற்றுமை என்ற ஆளும் வர்க்கக் கருத்துநிலையிலே விழுந்த பெரும் கீறலாகும்.

நான்கு ஆண்டுகளின் பின் ஷானோன் 'செலுவாங் மெனோடாக் பாவூங்' என்ற நாவலை வெளியிட்டார். செலுவாங் என்பது ஆற்றிலே வாழும் சிறு மீன். பாவூங் பெருங்கெளிற்று இனத்தது. சிறுமீன் பெருமீனைத் தாக்கும் என்பதே தலைப்பின் கருத்து. லாஹுமாவின் மகள் சானா இங்கு வளர்ந்தவளாக மீண்டும் வருகிறாள். நிலம் வேண்டி, அவள் தலைமையிலே பங்குல் டெர்டாப் மக்கள் அலோர் ஸ்டாரை நோக்கித் திரண்டு செல்கின்றனர்.

ஷானோனின் இலக்கிய வளர்ச்சியில் இது பெரும் பாய்ச்சலாகும். தந்தையின் நாவலிலே பகைவன் இயற்கை. மகளின் நாவலிலே பகைவனுக்கு அலுவலகமும் அதிகாரமும் உண்டு. தந்தை தனித்து மடிந்தான். மகள் கூட்டத்தோடு நடக்கிறாள். அன்றியும், அக்கூட்டத்தின் தலைமையை ஒரு பெண்ணுக்கு அளித்தமை தற்செயலன்று. கெடாவின் வயல்களிலே நாற்று நடுவதும் அரிவு வெட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கூட்டுழைப்பாக இருந்தவை. கூட்டாக உழைப்போரிடமிருந்தே கூட்டாக எழும் உணர்வு பிறக்கும் என்பதைத் தத்துவநூல் எதனின் துணையுமின்றி வயலைப் பார்த்தே ஷானோன் அறிந்திருந்தார்.

வரலாறும் இந்நாவலைப் பின்தொடர்ந்தது. 1980 ஜனவரி 23ஆந் திகதி கெடா நெல் விவசாயிகள் அலோர் ஸ்டாரிலே பெருந்திரளாகக் கூடி ஆர்ப்பாட்டம் செய்தனர். நெல்லுக்கான விலை மானியத்தின் ஒரு பகுதியைப் பணமாகத் தராது சேமிப்புச் சீட்டாக வழங்கிய திட்டத்தை அவர்கள் எதிர்த்தனர். நாவலில் எழுந்த கூட்டம் இரண்டாண்டுகளின் பின் அதே நகரின் வீதியில் நின்றது. இதனைத் தீர்க்கதரிசனம் என வியப்பதிற் பயனில்லை. சமூகத்தினுள்ளே முற்றிவரும் முரண்பாட்டை உண்மையாகப் பிரதிபலிக்கும் இலக்கியம் நிகழ்ச்சிகளை முந்திச் செல்வது இயல்பே.

இதே ஆண்டுகளிலே மூடா சமவெளியின் கிராமமொன்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்கொட், தமது அவதானங்களை 1985இல் நூலாக வெளியிட்டார். இருபோகச் செய்கை முதலில் எல்லோருக்கும் ஓரளவு வருவாயைத் தந்தபோதும், பின்னர் வந்த அறுவடை இயந்திரங்கள் நிலமற்றோரின் கூலியைப் பறித்ததை அவர் விரிவாகக் காட்டினார். இயந்திரத்தை அமர்த்திய உடைமையாளரின் வயல்களிலே நாற்று நட மறுக்கப் பெண்கள் முயன்றதையும் அவர் பதிவு செய்துள்ளார். வெளிப்படையான கிளர்ச்சி அரிதாகும்போது மறைமுகமான எதிர்ப்பே ஏழையின் ஆயுதமாகிறது என்பது அவர் முடிபு. சானாவின் நடையை இப்பின்னணியிலே வைத்து நோக்கும்போதுதான், ஷானோன் எழுதியது எத்தகைய அரிய கணம் என்பது புலனாகும்.

6. காசிம் அகமட்டுடனான விவாதம்

1970களின் பிற்பகுதி மலேசியாவிலே இஸ்லாமிய எழுச்சியின் காலம். ஷானோனும் அதனால் ஈர்க்கப்பட்டார். எழுத்து இறைவனுக்கான வழிபாடு, இறைவனுக்காக எழுதுவதன் மூலமே அது மனிதனுக்கும் பயன்படும் என்ற கொள்கையை முன்வைத்தார். 1984இல் இது தொடர்பாக அவருக்கும் காசிம் அகமட்டுக்குமிடையே பெரும் விவாதம் மூண்டது. மானுட நன்மையை நாடும் இலக்கியத்தைச் சமயச் சட்டகம் ஒன்றுக்குள் ஒடுக்கலாகாது என்பது காசிமின் நிலைப்பாடு.

விவாதித்தோர் இருவரின் வரலாறும் ஒப்புநோக்கத் தக்கது. இருவரும் கெடாவின் மைந்தர். இருவரும் 1933இல் பிறந்து 2017இல் மறைந்தோர். காசிம் கவிஞர், ஹங் துவா காவியத்திலே சுல்தானுக்கு விசுவாசியான துவாவைவிடக் கிளர்ச்சிக்காரனான ஜெபாட்டே நாயகன் என வாதிட்டுப் புகழ்பெற்ற திறனாய்வாளர். சோஷலிசக் கட்சியின் தலைவராயிருந்து, 1976 முதல் 1981 வரை விசாரணையின்றிச் சிறையிலிருந்தவர். ஆனால் அவர் 1986இல் ஆளும் கட்சியான அம்னோவில் இணைந்தார். ஷானோனோ பின்னர் எதிர்க்கட்சி அரசியலிலே நுழைந்தார். சோஷலிசவாதி ஆளுங்கட்சிக்கும், சமயவாதி எதிர்ப்பணிக்கும் சென்ற இத்தலைகீழ் மாற்றத்தைத் தனிமனித பலவீனமாகவோ பலமாகவோ மட்டும் விளக்கிவிட முடியாது.

எமது விளக்கம் இதுவாகும். 1948 தொடக்கம் மலாய்க் கிராமத்திலே இடதுசாரி அமைப்பு வேரூன்ற இடமளிக்கப்படவில்லை. இன அடிப்படையிலான தொழிற் பிரிவினை மலாய் விவசாயியைத் தமிழ், சீனத் தொழிலாளரிடமிருந்து பிரித்தது. புதிய பொருளாதாரக் கொள்கை இனத்தின் மொழியை அரசின் மொழியாக்கிவிட்டது. எனவே, ஆளும் மலாய் வர்க்கத்தை மலாயனாக நின்றே கண்டிக்க விரும்பியவனுக்கு, ஆட்சியாளரால் முற்றாகக் கைப்பற்ற முடியாத ஒரே பொதுமொழியாகச் சமயம் எஞ்சியது. கிளந்தானிலே இஸ்லாமியக் கட்சி பெற்ற ஆதரவின் அடியிலே விவசாயிகளின் வர்க்க மனக்குறை இருந்ததைக் கிளைவ் கெஸ்லர் 1978இல் வெளியிட்ட ஆய்விலே எடுத்துக் காட்டினார். சானாவின் கோபம் மறையவில்லை. அதற்குக் கிடைத்த சொற்கள் மாறின. இதுவே ஷானோனின் திருப்பத்தின் சமூகப் பொருள்.

சொற்கள் மாறும்போது பார்வையும் மாறுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது. சமய அறம் ஊழலைப் பாவம் எனக் கண்டிக்கும். ஆனால் நிலம் யாருடையது, நீர் யாருக்குப் பாய்கிறது என்ற வினாக்களைத் தானாகக் கேட்காது. 'செலுவாங்' நாவலிலே நில உரிமையாகத் துலங்கிய பிரச்சினை, பின்னர் தனிமனிதரின் ஒழுக்கமாகச் சுருங்கியமை இலக்கிய நோக்கிலும் இழப்பே.

7. இறுதிச் சாடல்

1998 செப்ரெம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவிநீக்கப்பட்டுக் கைதானதையடுத்து எழுந்த கொந்தளிப்பிலே, 1999இல் ஷானோன் 'ஷிட்' என்ற நாவலை வெளியிட்டார். நாற்றமெடுத்த குடலினுள்ளே தங்கி வெளியேற மறுக்கும் மலக்கட்டிகளாக ஆளுங் கட்சியினரையும், அவற்றுள் தலைமைக் கட்டியாகப் பிரதமரையும் உருவகித்த இந்நூல் பெரும் புயலைக் கிளப்பியது. தேசிய இலக்கியவாணர் பட்டத்தைப் பறிக்க வேண்டுமென்ற குரல்களும் எழுந்தன. அவ்வாண்டு நவம்பர்ப் பொதுத் தேர்தலிலே இஸ்லாமியக் கட்சியின் வேட்பாளராகத் தமது சொந்தத் தொகுதியான சிக்கில் நின்று வென்ற ஷானோன், 2004 வரை பாராளுமன்றத்தில் இருந்தார்.

அறுபத்தாறு வயதிலே, அரசின் உயரிய இலக்கிய விருதைப் பெற்றிருந்த ஒருவர், அதே அரசை இவ்வளவு துணிவாகச் சாடியமை மதிக்கத்தக்கது. எனினும் கலை நோக்கிலும் அரசியல் நோக்கிலும் இந்நாவல் 'ரஞ்சாவி'லிருந்து நெடுந்தூரம் பின்வாங்கியுள்ளது என்பதையும் கூறியாக வேண்டும். லாஹுமாவின் சீழ்பிடித்த கால் ஒரு சமூகத்தின் நோயைச் சொல்லாமற் சொல்லியது. இங்கோ உருவகம் தனிமனிதரை நோக்கிய வசையாகக் குறுகிவிடுகிறது. கட்டி வெளியேறினாற் குடல் சுகமடையும் என்பது இதன் தர்க்கம். 2003இல் அப்பிரதமர் பதவி விலகினார். வறுமையையும் சலுகையையும் உற்பத்தி செய்த அமைப்பு அவரோடு விலகிச் செல்லவில்லை.

8. முடிவுரை

ஷானோன் அகமட்டை மதிப்பிடுகையில் இருவகைத் தவறுகள் நேரலாம். பிற்காலச் சமயவாதத்தைக் காரணங்காட்டி அவரது விவசாய நாவல்களை ஒதுக்குவது ஒன்று. அந்நாவல்களின் பெருமையைக் காட்டி அவரது பார்வையின் எல்லைகளை மறைப்பது மற்றொன்று. மலாய் விவசாயியின் உழைப்பையும் மரணத்தையும் கோபத்தையும் இலக்கியத்தின் மையத்துக்குக் கொண்டு வந்தவர் அவர். அக்கோபம் செல்ல வேண்டிய திசையைத் தெளிவுறக் காட்ட இயலாதவரும் அவரே. இவ்வியலாமை அவருக்கு மட்டும் உரியதன்று. இடதுசாரி இயக்கம் வன்முறையால் நசுக்கப்பட்ட, உழைப்போர் இனத்தாற் பிரிக்கப்பட்ட நாடுகளிலே எழுதும் எவருக்கும் அது பொதுவானது.

ஆனால் நல்ல படைப்பு அதனை ஆக்கியவனின் எல்லைகளுக்குள் அடங்கி நிற்பதில்லை. 1983இல் ஜமீல் சூலோங்கின் இயக்கத்திலே 'ரஞ்சாவ்' மலாய்த் திரைப்படமாகியது. 1994இல் கம்போடிய இயக்குநர் ரித்தி பான் அதே நாவலைத் தழுவிக் கெமர் மொழியிலே 'நெல் மாந்தர்' என்ற பொருள்படும் திரைப்படத்தை உருவாக்கினார்; அது அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. போராலும் படுகொலையாலும் சிதைந்த கம்போடிய விவசாயக் குடும்பமொன்றின் கதையாக லாஹுமாவின் கதை மறுபிறவி எடுத்தது. மொழி வேறு, சமயம் வேறு, அரசியல் வேறு. நெல்லும் முள்ளும் பசியும் ஒன்றாகவே இருந்தன. இறுதியில் ஷானோன் வலியுறுத்திய பிரிவுகளைக் கடந்து, அவரது முதன்மையான நாவல் சென்றடைந்த இடம் உழைக்கும் மனிதரின் பொதுவாழ்வாகும். அவரது சாதனையை அளத்தற்குரிய இடமும் அதுவே.